கடலோரம் ஒரு நினைவுச் சாலை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளும் கிரேட் ஓஷன் சாலை, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919-இல் தொடங்கி, பெரும்பாலும் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டே மலைச்சரிவை வெட்டி, 1932-இல் முடித்த சாலையாகும். போரில் மாண்ட தோழர்களுக்கான நினைவுச்சின்னமாகவே எழுந்ததால், இதனை வெறும் உல்லாசப் பாதையாகக் கருதுதல் தகாது.

இங்குள்ள தலையாய காட்சி ‘பன்னிரு அப்போஸ்தலர்’ எனப்படும் கடல்தூண்களாகும். கடல்தூண் என்பது, கரையிலிருந்து நீண்ட சுண்ணாம்புக்கல் முனையை அலைகள் இருபுறமும் அரித்துக் குகையாக்கி, குகைகள் இணைந்து வளைவாகி, வளைவின் கூரையும் சரிந்தபின் கடலுக்குள் தனித்து நிற்கும் எச்சமாகும். தேன்நிறப் பாறையில் படிவ அடுக்குகள் கிடைக்கோடுகளாகத் தெளிவாகத் தெரிகின்றன. 1990-இல் அருகிலுள்ள லண்டன் பிரிட்ஜ் என்னும் வளைவு இடிந்தபோது, தீவாகிப்போன பாறையில் சிக்கிய இருவர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். 2005-இல் அப்போஸ்தலர் தூண்களுள் ஒன்றே நொடியில் கற்குவியலாயிற்று.

அங்கும் சாலையின் இடப்பக்கமே வண்டி ஓட்டப்படுவதால், மெல்போர்னில் வாடகைக் கார் எடுத்து இச்சாலை தொடங்கும் டோர்க்கீயிலிருந்து மேற்கே செல்வோருக்குக் கடல் தம் பக்கமாகவே அமையும். அந்தியில் கங்காருகள் சாலையைக் கடக்குமாதலால், பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுக.