வற்றும் ஆற்றின் வரவுசெலவு



வறண்ட நிலத்து ஆற்றுப்படுகைகளின் நீர்ச்சமநிலையைப் பேசச் சத்தியவேடு ஏற்ற ஊர்தான். இது பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர் மழை உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிச்சாட்டூர் அணையைக் கடந்து சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகக் கடலுக்குப் போகும் ஆரணியாறு, ஆண்டில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கிறது. பாலைநிலத்து ஆறுகளும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

நாம் கையாளும் கணக்குமுறைக்கு அடிப்படை இட்டவர் காலநிலை அறிஞர் தார்ன்த்வெயிட். 1948-இல் வெளியிட்ட தம் கருத்தை 1955-இல் மேதருடன் சேர்ந்து பேரேட்டு முறையாக்கினார். மழை வரவு, ஆவியாவதும் பயிர் உறிஞ்சி வெளிவிடுவதும் செலவு, மண்ணின் ஈரம் இருப்பு. 1956-இல் வி.பி. சுப்பிரமணியம் இம்முறையில் இந்தியாவின் நீர்ச்சமநிலையைக் கணித்தார். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தவரும் அவரே. அந்தப் பணியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் மாதச் சராசரியை வைத்து ஆரணியாற்றைக் கணிக்க முடியாது. ஒரு மாதத்தில் 150 மில்லிமீட்டர் மழையும் அதே அளவு ஆவியாதலும் என்றால் ஏட்டில் மீதி பூச்சியம். அந்த மழை இரண்டே நாளில் பெய்துவிட்டால் ஏரி கலங்கல் வழியும், ஆற்றில் வெள்ளம் போகும், கிணறு ஊறும். ஏட்டில் இவை எதுவும் இருக்காது.

இதைவிடக் கவலை தருவது மீதியாக வரும் எண். நிலத்தடிக்கு இறங்கிய நீரை யாரும் நேரே அளப்பதில்லை. மற்றவற்றைக் கழித்து எஞ்சுவதையே ஊற்று என்கிறோம். ஆயிரம் மில்லிமீட்டர் மழையில் எண்ணூறு ஆவியாகிறது என்று கொள்வோம். அந்த மதிப்பீட்டில் பத்து விழுக்காடு பிசகினால் எண்பது மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். கிழக்குக் கடற்கரை வண்டலில் மழையில் 16 விழுக்காடு இறங்குவதாக 1997-இன் நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறை கொள்கிறது. அதாவது 160 மில்லிமீட்டர். அதில் பாதியைப் பிழையே விழுங்கிவிடும். இந்த எண்ணை நம்பித்தான் எத்தனை போர் போடலாம் என்று முடிவெடுக்கிறோம்.

ஏரிக் கசிவுக்கு அதே நெறிமுறை நாளுக்கு 1.4 மில்லிமீட்டர் என்று ஒரே அளவு தருகிறது. இவ்வட்டாரத்தில் சத்தியவேட்டின் பெயரையே தாங்கிய மணற்பாறையும் கூழாங்கல் அடுக்கும் ஒருபுறம், களிப்பாறை மறுபுறம். வண்டல் தூர்ந்த ஏரிக்கும் மணற்பாறைமேல் நிற்கும் ஏரிக்கும் ஒரே கசிவு எப்படி இருக்கும்? எந்த நாளில் கலங்கல் வழிந்தது, எந்த மாதம் மதகு மூடினார்கள் என்று சொல்லக்கூடிய உழவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுடைய சொல்லை மாதிரியைச் சரிபார்க்கும் தரவாகவே நாம் ஏற்கவேண்டும்.

கீழ்ப்படுகையில் ஆரணி, கொசத்தலை ஆறுகளின் வண்டலை 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் ஆராய்ந்தது. சென்னைக்காக அங்கே கிணற்றுவயல்கள் எழுந்தன. எடுப்பு ஊற்றை மிஞ்சியதால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்தது. மேற்படுகையில் நாம் செய்யும் பிழை அங்கே உப்பாகத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் நீரும் உண்டு. 1983 ஒப்பந்தப்படி சென்னைக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர், 1996-இல் அது கண்டலேறு–பூண்டிக் கால்வாய் வழியே பூண்டியை அடைந்தது. வழியில் கசிவதையும் இறைப்பதையும் சேர்க்காத கணக்கு அரைக்கணக்கு.

1960-இல் எல்லை மாறியபோது சத்தியவேடு தமிழ்நாட்டுச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்தின் சித்தூருக்கு வந்தது. 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆற்றின் படுகை மாறவில்லை. பிச்சாட்டூர் திறப்பையும் ஊத்துக்கோட்டை ஓட்டத்தையும் ஒரே நாள்வாரிப் பதிவேட்டில், இரு மாநிலமும் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்ற தீர்மானத்தை இம்மாநாட்டின் முன் வைக்கிறேன்.

கட்டுரை படிப்போர் ஒவ்வொருவரும் ஊற்றின் அளவைச் சொல்லும்போது அதன் பிழை வரம்பையும் உடன் சொல்லும்படி, தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.