படகேறுமுன்

அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்திலே, செம்பாறை மலைகளுக்கு நடுவே, யூட்டா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களிலும் நீண்டு கிடக்கிறது பவல் ஏரி. இயற்கை தந்த ஏரியன்று அது. கொலராடோ நதியின் குறுக்கே, கிளென் கன்யன் என்னும் மலையிடுக்கில், 710 அடி உயரமான அணை எழுப்பப்பட்டது. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நீர் தேக்கப்படலாயிற்று. அது முதன்முறையாக நிறைவதற்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. நிறைந்தபோது ஏரியின் நீளம் 186 மைல். பிரதான பள்ளத்தாக்கிலிருந்து பிரியும் எண்ணற்ற கிளைகளுள்ளும் நீர் புகுந்து நிற்கிறது. ஒரு கிளையுள் நுழைந்த படகு, அடுத்த வளைவிலேயே பிறர் கண்ணுக்கு மறைந்துவிடும்.

கோடை விடுமுறையிலே படகேறிச் சென்று, கரையிற் கூடாரமடித்துத் தங்க விரும்புவோர் இவ்வேரியைத் தேடித் தொலைவிலிருந்தும் வருகின்றனர். அவர்கள் பயணத்திற்கு ஆயத்தஞ் செய்யுமுன், இந்த ஏரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவருடைய கதையைச் சற்றே அறிந்துகொள்வது நன்று.

ஜோன் வெஸ்லி பவல் என்பவர் போர்க்களத்தில் வலக்கையின் பெரும்பகுதியை இழந்தவர். 1869ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒன்பது தோழருடனும் நான்கு படகுகளுடனும் பத்து மாதத்திற்குரிய உணவுடனும் அவர் புறப்பட்டார். சில வாரங்களுள் ஒரு படகு நீர்வீழ்ச்சியிலே சிக்கிச் சிதறியது. உணவின் ஒரு பகுதி ஆற்றோடு போயிற்று. மலையின் உயரத்தை அளக்கும் பாரமானிகள் அனைத்தும் அந்த ஒரே படகில் ஏற்றப்பட்டிருந்தமை அப்பொழுதுதான் உறைத்தது. உடைந்த படகின் ஒரு பகுதி பாறையிலே தங்கியிருந்தமையால், மறுநாள் அவற்றை மீட்க முடிந்தது. உணவு மீளவில்லை. எஞ்சிய மாவும் நனைந்து பழுதாயிற்று. ஓகஸ்ட் 28ஆம் நாள், பசியாலும் அச்சத்தாலும் மனந்தளர்ந்த மூவர் குழுவைவிட்டு மலையேறிச் சென்றனர். அவர்கள் உயிருடன் திரும்பவில்லை. மற்றையோரோ மறுநாளே அப்பெரும் பள்ளத்தாக்கைக் கடந்து வெளிவந்தனர்.

பவலின் பயணம் உணர்த்துவது இதுவே: பொருளைச் சேர்ப்பது மட்டும் ஆயத்தமாகாது. ‘இது கைவிட்டுப் போனால் எஞ்சுவது யாது?’ என்று ஒவ்வொன்றைக் குறித்தும் வினவுவதே ஆயத்தமாகும். இரண்டு படகுகள் செல்லுமாயின் இரண்டிலும் உணவு இருத்தல் வேண்டும். இரண்டிலும் குடிநீர் இருத்தல் வேண்டும். மருந்துப்பெட்டி ஒன்றோடு நில்லாது மற்றையதிலும் இருத்தல் வேண்டும்.

முதலில் விசாரிக்க வேண்டியது நீர்மட்டம். 2000ஆம் ஆண்டு முதல் நீடித்த வறட்சியால் ஏரி பெரிதும் வற்றியது. 2023ஆம் ஆண்டின் முற்பகுதியில், நிறைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 180 அடி தாழ்ந்து நின்றது. நீர் தாழும்போது படகிறக்கும் சாய்தளங்கள் சில கரையிலேயே முடிந்து பயனற்றுப் போகின்றன. நேற்று ஆழத்திற் கிடந்த பாறை இன்று படகின் அடியைக் கிழிக்கும். ஆதலால் பழைய வரைபடத்தை நம்பிப் புறப்படுவோர், நூற்றுக்கணக்கான மைல் படகை இழுத்து வந்தும் அதை நீரில் இறக்க வழியின்றித் திரும்ப நேரலாம். புறப்படும் வாரத்திலே நீர்மட்டத்தையும், எந்தச் சாய்தளம் திறந்துள்ளது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

அடுத்தது எரிபொருள். வாவீப் துறையிலிருந்து, 290 அடி உயரமுள்ள ‘வானவில் பாலம்’ என்னும் இயற்கைக் கல்வளைவைக் காணச் சென்று திரும்பவே ஏறத்தாழ நூறு மைல் ஓட வேண்டும். இடைவழியிலே பெற்றோல் கிடைக்கும் என்று எண்ணுதல் தவறு. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு எனப் பிரித்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். குடிநீரோ ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் வேண்டும். சுற்றிலும் நீரிருப்பினும், ஏரிநீரைச் சுத்திகரியாது பருகலாகாது.

காலத்தைக் கணிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையிலே யூட்டாவின் கடிகாரம் அரிசோனாவின் கடிகாரத்திலும் ஒரு மணி நேரம் முந்தியது. அணைக்கருகிலுள்ள பேஜ் நகரத்தார் நான்கு மணி என்பர். எல்லைக்கு அப்பாலுள்ளோர் ஐந்து என்பர். இரு குழுவினர் ஓரிடத்திற் சந்திப்பதாயின், எந்த மாநிலத்து நேரம் என்பதை முன்னரே பேசி வைத்தல் நன்று.

ஜூலை நடுப்பகுதியிலிருந்து பிற்பகலில் இடிமழை பெய்வதுண்டு. 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் நாள், பேஜ் நகருக்கு அண்மையிலுள்ள அன்ரிலோப் கன்யன் என்னும் ஒடுங்கிய பாறையிடுக்கிலே திடீர் வெள்ளம் பாய்ந்து பதினொருவர் மாண்டனர். மழையோ அவ்விடத்திலன்று, பல மைலுக்கு அப்பாற் பெய்தது. தலைக்குமேல் நீலவானம் தெரிவதை மட்டும் நம்பி, வறண்ட ஓடையின் வாயிலிலே கூடாரம் அடிப்பது ஆகாது. மேட்டுநிலமே தக்கது.

கண்ணுக்குப் புலப்படாத பகையும் ஒன்றுண்டு. இயந்திரமோ மின்பிறப்பாக்கியோ இயங்கும்போது வெளியேறும் காபனோரொட்சைட்டு என்னும் வாயு நிறமற்றது, மணமற்றது. படகுவீட்டின் பின்தட்டின் கீழே அது தேங்கி, அங்கு நீந்தியோரின் உயிரைக் கவர்ந்ததுண்டு. இயந்திரம் ஓடும்வரை பிள்ளைகளைப் பின்புறத்தில் நீந்தவிடலாகாது. பன்னிரண்டு வயதிற்கு உட்பட்டோர், ஓடும் படகிலே மிதப்புச்சட்டை அணிந்தே இருத்தல் வேண்டும்.

கரையிலே தங்குவோர் தங்கள் கழிவைத் தாமே கொண்டுசெல்ல வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. திரும்பும்போது படகைக் கழுவி, நீர் வடித்து, உலர்த்துதலும் கட்டாயம். இன்றேல், ஏரியிலே பெருகியுள்ள அந்நிய மட்டியினம் அப்படகோடு சென்று வேறு நீர்நிலைகளையும் பற்றிக்கொள்ளும்.

இவை யாவும் முடிந்தபின் இன்னுமொரு வேலை எஞ்சும். செல்லும் வழி, தங்கும் இடம், திரும்பும் நாள், படகின் நிறம், ஆட்களின் தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கரையிலே நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பவலின் குழுவினரைப் பள்ளத்தாக்குள் எவராலும் தேடிச் சென்றிருக்க முடியாது. இன்று செல்வோருக்கோ தேடுவார் உண்டு. எங்கே தேடுவது என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.