வீட்டுச் சாவி கைமாறும்போது

(வானொலி மறையுரை)



உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலருகே பேதுருவிடம் பேசியதை யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இளமையில் நீயே உடுத்திக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய். முதுமையில் வேறொருவர் உனக்கு உடுத்தி, நீ விரும்பாத இடத்துக்கு அழைத்துச் செல்வார் என்பது அதன் பொருள். பேதுருவின் சாவைக் குறித்துச் சொன்ன வார்த்தை அது. மறதி நோய் புகுந்த வீட்டிலோ அது அன்றாடம் கண்முன்னே நடக்கிறது.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் இந்த நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பொன்மலையிலும் ஸ்ரீரங்கத்திலும் நம் பங்குகளிலும் இத்தகைய வீடுகள் உண்டு.

ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற கணவர். “அவரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த மனைவி. பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம், பீரோ சாவி எல்லாம் அவரிடம். இப்போது அவர் கட்டிய கரண்ட் பில்லுக்கே மறுபடி பணம் எடுக்கிறார். யார் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறார். அந்த அம்மாவின் மனத்தில் ஒரு கேள்வி: “அவர் இருக்கும்போதே நான் சாவியை எடுப்பது துரோகம் இல்லையா?”

துரோகம் இல்லை, அம்மா. நோயிலும் கைவிடமாட்டேன் என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்கைத்தான் நீங்கள் நிறைவேற்றுகிறீர்கள். அறிவு மங்கிய தந்தையிடம் பொறுமையாயிரு, அவரை இகழாதே என்கிறது சீராக் நூல் 3-ஆம் அதிகாரம். கணவருக்கும் மனைவிக்கும் அது பொருந்தும். பொறுமையாயிருப்பது என்றால், சுமக்க முடியாத சுமையை அவர் தோளிலேயே விட்டுவைப்பது அல்ல.

புனித குழந்தை தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின் மனைவியை 1877-இல் இழந்தவர். முதுமையில் அவர் சிந்தை கலங்கியது. 1889-இல் கான் நகர மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதே ஆண்டு, சொத்து நிர்வாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தெளிவாக இருந்த நேரம் அது, புரிந்துகொண்டு அழுதார். தேவையான முடிவுதான், ஆனாலும் வலித்தது. 1892-இல் வீடு திரும்பிய அவரை, 1894-இல் இறக்கும்வரை பிள்ளைகள் அருகிருந்து பார்த்துக்கொண்டார்கள். 2015-இல் திருச்சபை அவரை மனைவியோடு சேர்த்துப் புனிதராக உயர்த்தியது. சொத்தை நிர்வகிக்கும் திறன் போயிற்று, மாண்பு போகவில்லை.

ஆகவே, தெளிவு இருக்கும்போதே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். வங்கிக் கணக்கை இருவரில் எவரும் இயக்கும்படி மாற்றுங்கள். உயில் எழுதுவதானால் இப்போதே எழுதுங்கள். தெளிந்த மனம் இல்லாமல் எழுதும் உயில் செல்லாது. பவர் பத்திரத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்; எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அதுவும் சட்டப்படி முடிந்துவிடும். பிறகு நீதிமன்றம்தான் வழி. 2024-இல் நினைவற்றுக் கிடந்த கணவரின் காப்பாளராக மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது; ஆனால் முதலில் மனு தள்ளுபடியாகி, அவர் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. நவம்பரில் கொடுக்கும் பென்ஷன் உயிர்வாழ் சான்றிதழுக்கு அவரை வரிசையில் நிறுத்த வேண்டாம். தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்து எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய முடிவுகளை நீங்கள் எடுங்கள். சிறியவற்றை அவரிடம் விடுங்கள். வெள்ளைச் சட்டையா, நீலச் சட்டையா? இட்லியா, தோசையா? கேளுங்கள். அவர் முன்னாலேயே “இவருக்கு ஒன்றும் தெரியாது” என்று பிறரிடம் சொல்லாதீர்கள். “வேலைக்கு நேரமாச்சு” என்று கிளம்பினால் வாதாடாமல், “சாப்பிட்டுப் போகலாமே” என்று உட்கார வையுங்கள். ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி எங்கோ இறங்கிவிடும் ஆபத்து உண்டு. சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். தெருமுனைக் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். மனைவியைப் பராமரிக்கும் ஐயா, கேஸ் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வதை அவரிடமே விடுங்கள்.

பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே, போனில் ஆளுக்கொரு கட்டளை இடாதீர்கள். “அம்மா, நீங்கள் முடிவெடுங்கள், நாங்கள் கூட இருக்கிறோம்” என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்து பத்து நாள் இருங்கள்.

அன்பியத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். “செபிக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போகாமல், புதன்கிழமை இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் உட்காருங்கள். அந்த அம்மா பாலக்கரை சகாய மாதா நவநாளுக்குப் போய் வரட்டும். அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அதுவும் செபம்தான். ஆலோசனை வேண்டுவோர் மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் இலவச எண்ணை அழைக்கலாம்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் பெயரை நாங்களே மறந்தாலும் நீர் மறப்பதில்லை. சாவியை ஏந்தும் கைகளுக்கு ஞானத்தையும், சாவியைக் கொடுத்த கைகளுக்கு அமைதியையும் தாரும். ஆமென்.