தேனில் கலந்த சீட்டு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பூந்தாதுவைப் பற்றிச் சில சொற்கள் பேச முன்வந்துள்ளேன். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துப் பார்சல் அலுவலகத்தில் உழலும் குமாஸ்தாவுக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று சிலர் முறுவலிக்கக்கூடும். ஒட்டியுள்ள சீட்டைக் கொண்டு சரக்கு எங்கிருந்து வந்ததென்று அறிவதே என் தொழில். தேனுக்கும் அத்தகைய சீட்டு ஒன்றுண்டு. அதை இயற்கையே எழுதி அனுப்புகிறது.

நம் குடியிருப்பிலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் வழியிலே கல்லாற்றில் கால் நனைக்காமல் திரும்புவதில்லை. திரும்புகையில் மலைத்தேன் என்று ஒரு புட்டி வாங்கி வருவோரும் உண்டு. அது மலைக்காட்டில் விளைந்ததா, அடிவாரத்து ரப்பர்த் தோட்டத்தில் விளைந்ததா, அல்லது வெறும் சர்க்கரைப் பாகா? எறும்பு மொய்க்கிறதா, தண்ணீரில் கரைகிறதா என்று நம் வீடுகளில் செய்யும் சோதனைகள் இதற்குப் பயன்படமாட்டா.

தேனீ பூவிலே மதுவை உறிஞ்சும்போது அப்பூவின் தாதும் உடன் சென்று தேனில் கலந்துவிடுகிறது. 10 கிராம் தேனை நீரிற் கரைத்து, சுழல் கருவியிலிட்டு வண்டலைப் பிரித்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். செம்பருத்தியின் தாது முள்ளுருண்டை. புல்லின் தாது ஒற்றைத் துளையுள்ள பந்து. யூகலிப்டஸ் தாதுவோ முக்கோணம். எண்ணிவருகையில் ஒரே செடியின் தாது 45 விழுக்காட்டுக்கு மேலிருந்தால், அச்செடியின் பெயரையே தேனுக்கு இடுவது பொது வழக்கு.

ஆனால் எண்ணிக்கை ஒன்றே தீர்ப்பாகாது. ரப்பர்த் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச்சு வரை, தளிர்விடும் பருவத்தில், இலைக்காம்பின் நுனியில் மூன்று இலைகள் கூடுமிடத்தில் இனிப்புநீர் சுரக்கிறது. தேனீக்கள் அதைத்தான் திரட்டுகின்றன. பூவை நாடுவது குறைவு. ஆகவே கலப்பில்லாத ரப்பர்த் தேனில் ரப்பர்த் தாது மிகச் சொற்பமாகவே இருக்கும்! தொட்டாற்சுருங்கியின் தாதுவோ மிக நுண்ணியது. தேன் சிறிதே தந்தாலும் எண்ணிக்கையில் முந்திக்கொள்ளும். இவற்றை அறியாத பரிசோதகர், தாது இல்லையென்று கலப்படக் குற்றம் சாட்டினால், நேர்மையாகத் தேனீ வளர்ப்பவன் வயிற்றிலன்றோ அடி விழும்? மறுபுறம், மிக நுண்ணிய வடிகட்டியிற் செலுத்தித் தாது முழுவதையும் நீக்கிவிடும் வியாபாரமும் உலகில் நடக்கிறது. சீட்டைக் கிழித்தெறிந்த பார்சலை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

கல்லாற்றில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே பொன்முடியின் புல்மலைகள். பள்ளங்களிலே சோலை, முகடுகளிலே புல். நீலகிரியிலும் இதே காட்சிதான், இன்னும் பெரிய அளவில். மனிதன் காட்டை வெட்டியும் எரித்தும் அழித்ததால் முளைத்த புல்லா இது? நெடுநாள் நடந்த இவ்வழக்கிலும் சாட்சிக் கூண்டில் ஏறியது தாதுவே. தாதுவின் மேலோடு அமிலத்திற்கும் எளிதில் மசியாதது. காற்றுப் புகாத சதுப்பிலே பல்லாயிரம் ஆண்டுகள் அழியாதிருக்கும். சேற்றை அடுக்கடுக்காக எடுத்து எண்ணினால் அந்தந்தக் காலத்துச் செடிகொடிகள் தெரியவரும். சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் 1916இல் இம்முறையை அறிஞருலகின் முன் வைத்தார்.

நீலகிரிச் சதுப்புகளின் அடிமண்ணில் 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புல்தாது கிடைத்திருக்கிறது. அக்காலத்தில் உழவனும் இல்லை, கோடரியும் இல்லை. மழையும் குளிரும் மாறியதற்கேற்பச் சோலையும் புல்லும் முன்னேறியும் பின்வாங்கியும் வந்திருக்கின்றன. அந்தப் புல்வெளிகளையே வெற்று நிலமென்று கருதி 19ஆம் நூற்றாண்டு முதல் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டார்கள். இன்று அவற்றை அகற்றிப் புல்லை மீட்பது எவ்வளவு பெரும்பாடு!

இக்கலையில் தமிழர் ஒருவர் உலகப் புகழ் பெற்றார் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும். புதுச்சேரியில் 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தாது ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் கணபதி தணிகைமணி. 1986 செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சி விமான நிலையத்தில் பான் ஆம் விமானத்தைக் கைப்பற்றிய கொலைஞர்கள் சுட்டதில் அவர் மாண்டார், வயது 48. அந்நிறுவனத்தில் 20,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளில், பெயர் எழுதப்பெற்ற தாதுக்கள் சேமிக்கப்பட்டுள்ளன. நீலகிரிச் சேற்றிலோ கல்லாற்றுத் தேனிலோ இன்னதென்று விளங்காத ஒரு துகள் அகப்பட்டால், ஆராய்ச்சியாளர் இத்தகைய தகடுகளோடுதான் அதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.