பின்னால் விட்ட பாதை

ஆகாய விமானத்தின் சக்கரங்கள் தரையைத் தொட்டவுடன் பிரயாணம் முடிந்ததென்று நிம்மதியடைவது பிரயாணிகளின் இயல்பு. விமானிக்கோ அந்தக் கணத்தில் ஒரு கணக்கே முக்கியமானது. முன்னால் எஞ்சியிருக்கும் ஓடுபாதை எவ்வளவு? பின்னால் விட்ட பாதை எத்துணை நீண்டதாயினும் விமானத்தை நிறுத்த உதவாது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் திகதி கனடா நாட்டின் ரொறொன்ரோ நகரில் நிகழ்ந்த விபத்து இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது.

பாரிஸ் மாநகரிலிருந்து 297 பிரயாணிகளோடும் 12 பணியாளரோடும் புறப்பட்ட எயர் பிரான்ஸ் விமானம், அன்று பிற்பகல் நான்கு மணியளவில் பியர்சன் விமான நிலையத்தை அணுகியது. அங்கே இடியும் மின்னலும் பெருமழையும் சூழ்ந்திருந்தன. எதிரே வீசிய காற்று திசைமாறிப் பின்னிருந்து தள்ளலாயிற்று. ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்கையில் விமானம் வழமையான உயரத்துக்கு 40 அடி மேலாகப் பறந்தது. 9,000 அடி நீளமான அப்பாதையில் ஏறக்குறைய 3,800 அடி கழிந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

பாதையிலோ மழைநீர் பரந்து கிடந்தது. எஞ்சின்களின் உந்துவிசையை எதிர்ப்புறம் திருப்பி வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடும் உடனே தொடங்கப்படவில்லை. ஏறத்தாழ 13 விநாடிகள் கழிந்திருந்தன. மணிக்குச் சுமார் 90 மைல் வேகத்தில் பாதையின் எல்லையைத் தாண்டிய விமானம், அப்பாலிருந்த ஓடைப் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது.

எனினும் விமானத்திலிருந்த 309 பேரும் உயிர் தப்பினர். பன்னிருவர் கடுங்காயமடைந்தனர். தீயினால் சில கதவுகள் பயன்படாதுபோன வேளையிலும், பணியாளர் தாம் பெற்ற பயிற்சிக்கேற்பப் பிரயாணிகளை விரைந்து வெளியேற்றினர். பலர் தத்தம் கைப்பொதிகளையும் தூக்கிக்கொண்டு இறங்கியமை அம்முயற்சிக்கு இடையூறாயிற்று. ஒருவர் பையை எடுக்கத் தாமதிக்கும் விநாடி, அவருக்குப் பின்னால் நிற்பவரின் உயிருக்குரிய விநாடியாகும்.

விபத்தை ஆராய்ந்த கனடியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, இறங்குவதற்கு எத்துணை நீளம் தேவையென விமானிகள் முன்னரே கணித்திருக்கவில்லை என்று கண்டது. இறங்கியே தீர்வதென்ற நிலைக்கு அவர்கள் வந்துவிட்டமையையும் அது எடுத்துக்காட்டியது. பெரிய ஓடுபாதைகளின் முடிவில் 300 மீற்றர் பாதுகாப்பு நிலம் அமைத்தல் வேண்டுமெனவும் பரிந்துரைத்தது.

இறங்க முனைந்த விமானத்தை மீண்டும் வானிலேற்றிச் சுற்றிவருதல் தோல்வியன்று. அது விமானக் கலையின் ஓர் அங்கம். ஆயினும் பல மணி நேரம் பறந்து வந்து, விளக்குகள் கண்ணெதிரே தெரியும்போது, இறங்காமல் திரும்புவதற்கு மனவுறுதி வேண்டும். அவ்வுறுதியைத் தரவல்லது முன்கூட்டியே செய்த கணக்கு. இவ்வளவு தூரத்துக்குள் சக்கரம் படாவிடின் மேலெழுவோமென்று வானிலேயே தீர்மானித்த விமானிக்கு, தரையருகே தயக்கம் தோன்ற இடமில்லை.