தாபின் காட்டில் தவறிய காலம்



சோதனைக் குழாய் குழந்தை என்றால் இன்று யாரும் வியப்பதில்லை. அதே முறையில் அழிந்துவரும் விலங்குகளைக் காப்பாற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். நம் சபா மாநிலத்தில் அதற்கு முயன்றார்கள், பலிக்கவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2008ஆம் ஆண்டு ஓர் ஆண் சுமத்ரா காண்டாமிருகம் செம்பனைத் தோட்டத்திற்குள் வந்துவிட்டது. அதற்குத் தாம் என்று பெயரிட்டு, லஹாட் டத்து வட்டாரத்திலுள்ள தாபின் வனவிலங்குக் காப்பகத்தில் வைத்தார்கள். 2011இல் புந்துங் என்ற பெண் காண்டாமிருகம் பிடிபட்டது. குட்டியாக இருந்தபோது கண்ணியில் சிக்கி அதன் முன்கால் பாதம் ஒன்று போயிருந்தது. அப்படியும் காட்டில் பிழைத்திருந்தது! 2014இல் ஈமான் வந்து சேர்ந்தது.

ஆணும் பெண்ணும் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால், இந்த இனத்துப் பெண் விலங்கு நெடுங்காலம் கருவுறாமல் இருந்தால் கருப்பையில் கட்டிகள் உண்டாகின்றன. காட்டில் எண்ணிக்கை குறைந்ததால் இவற்றுக்கு இணை கிடைப்பது அரிதாகியிருந்தது. புந்துங்கின் கருப்பையில் நீர்க்கட்டிகள், ஈமானுக்குத் தசைக்கட்டிகள். இரண்டாலும் கருவைச் சுமக்க இயலாது. எனினும் சினைப்பையில் முட்டை இருந்தது. ஜெர்மானிய நிபுணர்கள் மயக்க மருந்து கொடுத்து முட்டையை எடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் தாமின் விந்தணுவோடு சேர்த்துப் பார்த்தார்கள். அந்த விந்தணுவும் தரம் குறைந்தது. கரு வளரவில்லை.

இந்தோனேசியாவோடு நடந்த ஒத்துழைப்புப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. விலங்குகளுக்கு வயது காத்திருக்குமா? 2017இல் புந்துங், 2019 மே மாதம் தாம், அதே நவம்பரில் ஈமான். மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகம் அத்தோடு முடிந்தது.

இதற்கு நான் விஞ்ஞானத்தைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்ககத்தில் எமிக்குப் பலமுறை கரு கலைந்தது. ஹார்மோன் கொடுத்தார்கள், 2001இல் அண்டாலாஸ் பிறந்தது. மனிதப் பராமரிப்பில் 112 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த சுமத்ரா காண்டாமிருகக் குட்டி அது. அங்கே சுமக்கக்கூடிய ஒரு கருப்பை இருந்தது. இங்கே, பிடித்துக் கொண்டுவந்தபோதே காலம் கடந்திருந்தது.

தாமின் தோல் உயிரணுக்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து பெர்லின் ஆய்வாளர்கள் மூல உயிரணுக்களை உருவாக்கியதை 2022இல் அறிவித்தார்கள். என்றாவது ஒருநாள் அவற்றிலிருந்து விந்தணு கிடைத்தாலும், கருவைச் சுமக்க ஒரு தாய் வேண்டும். அந்தத் தாய் இனி இந்தோனேசியாவில்தான் இருக்க முடியும். அங்கே மிஞ்சியிருப்பவை 50க்கும் குறைவு என்பது நிபுணர்களின் மதிப்பீடு. காட்டில் தனித்துத் திரியும் பெண் விலங்குகளைக் கட்டி வருவதற்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து.