நாற்றம் சொல்லும் எச்சரிக்கை

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடுகள் உண்டு. டிராவல் டிரெய்லர் என்பார்கள். அதில் அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர்க் கலன் எல்லாம் பெரும்பாலும் புரொப்பேன் வாயுவில் இயங்கும்.

அந்தச் சின்ன அறைக்குள் திடீரென அழுகிய முட்டை நாற்றம் வந்தால்? சுவிட்சைத் தொடக்கூடாது. தீக்குச்சி கிழிக்கக்கூடாது. கதவைத் திறந்துவைத்துவிட்டு எல்லோரும் வெளியேறி, வெளியிலுள்ள சிலிண்டரின் வால்வை மூடவேண்டும்.

புரொப்பேனுக்கு இயல்பில் வாசனையே கிடையாது. கசிவு தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசனையில்லாத இயற்கை வாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் குழந்தைகள். அதன்பிறகே அங்கே வாயுவில் வாசனை சேர்ப்பது சட்டமானது.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையில் தேங்கும். அதனால்தான் டிரெய்லர்களில் எச்சரிக்கைக் கருவி தரையை ஒட்டி இருக்கிறது.

உள்ளே நன்றாகக் காற்றோடிய பிறகு, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி வால்வைத் திறந்தால், குமிழி வரும் இடமே கசிவு. குமிழியே இல்லையா? பேட்டரியைப் பாருங்கள். அளவுமீறி சார்ஜ் ஏறினால் அது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடக்கூடும். வெந்நீர்க் கலனில் நாள்பட்ட தண்ணீருக்கும் அதே நாற்றம்தான்.

நம் சமையலறை சிலிண்டரிலும் இருப்பது இதே மெர்காப்டன் வாசனை. கசிவு என்று தோன்றினால் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். மூக்கு சொன்னால் உடனே கேளுங்கள்!